இரைப்பையில் இரத்தப் பெருக்கு: அன்றும் இன்றும்

சென்ற ஆண்டு அறுவடை முடிந்திருந்த சமயத்தில், எங்கள் தெருவில் பாவு பிணைத்துக்கொண்டிருந்த நெசவாளர் ஒருவர் தறியடியிலேயே மயங்கி விழுந்தார். வயது ஐம்பத்தெட்டு. குடிப்பழக்கமோ புகைப்பழக்கமோ இல்லாதவர். முகம் வெளுத்து, உடல் முழுவதும் குளிர்ந்து வியர்த்திருந்தது. பித்த மயக்கம் என்று எண்ணி வீட்டார் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொடுத்தனர். சற்றைக்கெல்லாம் அவர் காப்பித்தூளைக் கரைத்தாற்போல் வாந்தியெடுத்தார். மூன்று நாட்களாகவே மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போய்க்கொண்டிருந்தது என்பதை அப்பொழுதுதான் வாய்விட்டுச் சொன்னார். உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள். வாய்வழியாகக் குழாய் செலுத்திப் பார்த்து, இரைப்பையில் இருந்த புண்ணில் இரத்தம் கக்கிக்கொண்டிருந்த நாளத்தை அங்கேயே அடைத்தார்கள். எட்டாம் நாள் அவர் வீடு திரும்பினார்.

அந்த எட்டு நாட்களில் என் மனத்தைப் பெரிதும் உறுத்தியது வேறொரு சம்பாஷணை. "என்ன மாத்திரை சாப்பிட்டு வருகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். "மாத்திரை ஒன்றும் சாப்பிடுவதில்லை ஐயா" என்றார் இவர். டாக்டர் விடவில்லை, மீண்டும் மீண்டும் கேட்டார். "முழங்கால் வலிக்கு மட்டும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அது கடையில் வாங்குவது" என்று கடைசியில் பதில் வந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தினம் இரண்டு வேளை விழுங்கியதை அவர் ஒரு மருந்தாகவே கருதவில்லை. வெற்றிலை பாக்கைப்போல் அதுவும் தறிவேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

நூல் விலையும் உர விலையும் பேசவேண்டிய பக்கத்தில் வயிற்று வியாதியைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்களிற் சிலர் கேட்கக்கூடும். இந்த வியாதியின் வரலாற்றில் அண்மைக் காலத்தில் நேர்ந்த மாறுதல் நம்மைப் போன்று உடல் வருந்தி உழைப்போரை நேராகத் தொடுவதனால்தான் எழுதுகிறேன். அன்று இதன் காரணம் நம் அறிவுக்கு எட்டாதிருந்தது. சிகிச்சையோ கத்தி ஒன்றுதான். இன்று சிகிச்சை வெகுதூரம் முன்னேறிவிட்டது. ஆனால் காரணத்தின் பெரும் பகுதியை நாமே காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

உணவுக்குழாய், இரைப்பை, அதையடுத்த சிறுகுடலின் முற்பகுதி ஆகிய மூன்றில் எங்கே இரத்தம் பெருகினாலும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. செந்நிற வாந்தி, காப்பித்தூள் நிற வாந்தி, தார் நிற மலம், எழுந்து நின்றால் கண் இருட்டுதல் என்பவையே அவை. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோருக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மையே. ஆயினும் தார்போல் ஒட்டுவதும், சகிக்க முடியாத துர்நாற்றமும் இரத்தத்துக்கே உரியவை.

தென்னிந்தியா இந்த வியாதிக்குப் பெயர்போன பூமியாக இருந்தது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். எவரெஸ்ட் சிகரத்தை நாடி 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்ற குழுவினருள் ஒருவரான ஹோவார்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய இரண வைத்தியர், மலையேற்றத்துக்கு வந்த இடத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரியைக் கண்டு, அங்கே வரிசையாகக் காத்துக்கிடந்த நோயாளிகளின் நிலைக்கு இரங்கி, அங்கேயே தங்கிப் பணிபுரிந்தார். நெய்யூர் அப்பொழுது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 முதல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டில் உள்ளது. குடற்புண்ணுக்காக மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பரேஷன்களைச் செய்த அனுபவத்தை 1936இல் அவரும் அவருடைய சகாவும் பிரிட்டிஷ் இரண வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டனர். பின்னர் மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்பவர், அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் இப்புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று ஆராய்ந்து எழுதினார். மிளகாய், புளி, மரவள்ளிக்கிழங்கு, பட்டினி, கவலை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. நம் நாட்டு வைத்தியர்கள் இதைக் குன்மம் என்று கூறிப் பத்தியம் விதித்தனர்.

மேல்நாட்டிலும் அக்காலத்து அறிவு இதைவிட அதிகத் தெளிவாக இல்லை. "அமிலம் இன்றேல் புண் இல்லை" என்ற கருத்தைக் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1910இல் நிலைநாட்டினார். அதன் பிறகு எல்லாச் சிகிச்சையும் அமிலத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. சிக்காகோவில் சிப்பி என்னும் டாக்டர் 1915 முதல் மணிக்கு ஒருமுறை பாலும் பாலேடும் புகட்டி வந்தார். இரத்தம் கக்கிய நோயாளிக்கோ வாயில் ஒரு பருக்கையும் படக்கூடாது, நாட்கணக்கில் பட்டினி கிடக்கவேண்டும் என்பது விதி. இந்த விதியைக் கோபன்ஹேகன் நகரத்து மியூலென்கிராக்ட் என்பவர் 1930களில் துணிந்து மீறினார். இரத்தம் கக்கியவர்களுக்கு முதல் நாளே மசித்த உணவை வயிறு நிறையக் கொடுத்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இறந்தனர். பட்டினி போட்டவர்களின் கணக்கு அதைப்போல் பல மடங்கு. நோயால் வாடியவனைப் பசியாலும் வாட்டியது எத்தனை காலமாக வைத்தியம் என்று பெயர் பெற்றிருந்தது என்பதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

உணவாலும் ஓய்வாலும் நில்லாத இரத்தத்துக்குக் கத்தி ஒன்றே கதி. இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுப்பார்கள். 1943இல் சிக்காகோவில் டிராக்ஸ்டெட் என்பவர் அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை அறுக்கும் முறையைத் தொடங்கியபின் அதையும் சேர்த்துக்கொண்டனர். பிழைத்தவர்கள் பலர். ஆனால் உண்டவுடன் தலைசுற்றல், வயிற்றுப்போக்கு, உடல் இளைப்பு, இரத்தசோகை ஆகியவற்றோடு காலம் தள்ளியவர்களும் பலர். நம் ஊர்களில் அறுபது எழுபது வயதைக் கடந்த பெரியவர்களிற் சிலருக்கு நடுவயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு நீண்ட தழும்பு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் அந்தக் காலத்து அடையாளம்.

அந்தத் தழும்பு இளைஞர்களிடம் காணப்படாததற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஜேம்ஸ் பிளாக் என்னும் விஞ்ஞானியின் முயற்சியால் சிமெடிடின் என்ற அமிலம் குறைக்கும் மருந்து 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள ஒமிப்ரசோல் 1988இல் வந்தது. ஆயினும் இவை புண்ணை ஆற்றினவே தவிர, மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புண் திரும்பியது. வேரைக் கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இருவருமே. இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர்வாழாது என்று உலகம் நம்பியிருந்தபோது, சுருள்வடிவக் கிருமியொன்று அங்கே குடியிருப்பதை 1979இல் வாரன் கண்டார். அதை வளர்க்க முயன்றபோது பல முறை தோல்வி. 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் இரண்டு நாளில் எறியப்பட வேண்டிய தட்டுகள் ஐந்து நாள் இருந்துவிட்டன, கிருமி வளர்ந்திருந்தது! அப்படியும் நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984இல் அக்கிருமியைத் தாமே கரைத்துக் குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இப்போது அதன் பெயர். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் மிளகாயையும் கவலையையும் குற்றம் சாட்டிய வியாதி, ஒன்றிரண்டு வார மருந்தில் வேரோடு போயிற்று. நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட மக்களின் வயிற்றில் இக்கிருமி இருக்கிறது. அவர்களிற் சிலருக்கே புண் உண்டாகிறது.

மூன்றாவது காரணம் நெசவாளர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும். பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1957இல் வளையும் தன்மையுள்ள உள்நோக்கிக் குழாயை முதன்முதலாகத் தாமே விழுங்கிப் பார்த்துப் பின்னர் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். அதனுள் இருந்தது ஆயிரமாயிரம் மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றை. ஒரு முனையில் எந்த இழை எந்த இடத்தில் நிற்கிறதோ, மறு முனையிலும் அதே இடத்தில் நின்றால்தான் படம் தெரியும். ஓர் இழை இடம் மாறினாலும் படம் குலையும். பாவிழைகளை அச்சுப் பல்லில் வரிசை தவறாமல் கோத்துப் பழகிய கைகளுக்கு இதன் அருமையைப் பிறர் சொல்லத் தேவையில்லை. இன்று இழைக்கற்றைக்குப் பதிலாகக் குழாயின் நுனியிலேயே சிறு காமிரா வைக்கிறார்கள். அதன் வழியாகவே மருந்து செலுத்தியும், சூடு வைத்தும், சிறு உலோகக் கவ்வி மாட்டியும் இரத்தத்தை நிறுத்துகிறார்கள். எங்கள் தெரு நெசவாளரின் வயிற்றில் கத்தி படாமல் போனது இதனால்தான்.

இத்தனை முன்னேற்றம் நேர்ந்தபின் இந்த வியாதியால் இறப்போர் தொகை வெகுவாக வீழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? பிரிட்டனில் எடுத்த இரண்டு பெரிய கணக்குகளைப் பாருங்கள். 1993இல் இவ்வியாதியுற்றோரில் நூற்றுக்கு 14 பேர் இறந்தனர். 2007இல் 10 பேர். ஆப்பரேஷன் தேவைப்பட்டோர் 2007இல் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. ஆப்பரேஷன் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. மரணம் அந்த அளவுக்குக் குறையவில்லை. நோயாளிகள் முன்னைவிட வயது முதிர்ந்தவர்கள், வேறு வியாதிகளும் உடையவர்கள் என்பது ஒரு விளக்கம். கிருமியால் வரும் புண் குறைந்த இடத்தில் மாத்திரையால் வரும் புண்ணும், கல்லீரல் கெட்டு வரும் இரத்தப் பெருக்கும் வந்து அமர்ந்தன என்பது மற்றொன்று. நான் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புவது இந்த இரண்டாவதைத்தான்.

ஆஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்தது. அது இரைப்பையின் உட்சுவரைச் சிவக்கவும் கசியவும் செய்வதை 1938இலேயே லண்டனில் டௌத்வெயிட், லிண்டாட் என்னும் இரு டாக்டர்கள் குழாய் வழியே நேரிற் கண்டு எழுதிவிட்டனர். 1960களிலும் 70களிலும் இண்டோமெதசின், இபுபுரோபென், டைக்ளோபினாக் என்று இதே இனத்து மாத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. இவை வலியை எப்படிக் குறைக்கின்றன என்பதை ஜான் வேன் என்பவர் 1971இல் கண்டுபிடித்தார். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஒரு பொருள் உடலில் சுரப்பதை இவை தடுக்கின்றன. அதே இனத்துப் பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் அமிலத்திலிருந்து காத்து நிற்கிறது. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்றும் போகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். "சாப்பிட்டபின் விழுங்கினால் ஒன்றும் செய்யாது" என்று நாம் நம்புவது சரியன்று. மருந்து இரத்தத்தில் கலந்த பிறகே முக்கியமான கேட்டைச் செய்கிறது; ஆகவே ஊசியாகப் போட்டாலும் அதே ஆபத்து உண்டு. அடுத்தது, இந்தப் புண் பலருக்கு வலிப்பதேயில்லை. வலியை அமுக்கும் மருந்தே புண்ணையும் உண்டாக்குவதால், வயிற்றெரிச்சல் என்னும் எச்சரிக்கை கிடைக்காமலே இரத்தம் பெருகுகிறது. நம் நெசவாளருக்கு வயிற்றுவலி ஒரு நாளும் இருந்ததில்லை.

டைக்ளோபினாக் மாத்திரையை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்பதே நம் நாட்டுச் சட்டம். நடைமுறை என்னவென்பது எல்லோரும் அறிந்ததே. நடவுக்கும் களையெடுப்புக்கும் கடலை பறிப்புக்கும் போய் இடுப்பொடிந்து வரும் பெண்கள் கடையில் "ஒரு செட்டு" என்று கேட்டால், நான்கைந்து மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில் கைக்கு வருகின்றன. அவற்றுள் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பது உண்டு. இரண்டும் கூடினால் இரத்தப் பெருக்கின் அபாயம் பன்மடங்காகிறது. "இது வெறும் பாராசிட்டமால்தானே" என்று எண்ணி வாங்குவதிலும் அசெக்ளோபினாக் போன்றவை கலந்திருக்கலாம். தனியான பாராசிட்டமாலோ, அளவோடு சாப்பிட்டால், இரைப்பையை இவ்வாறு புண்படுத்துவதில்லை. ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது: மாடுகளுக்கு இதே டைக்ளோபினாக் ஊசி போட்டதனால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மாண்டன, ஆகவே 2006இல் கால்நடை உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை நம் அரசாங்கம் தடுத்தது. கழுகுக்கு வந்த கேடு சிறுநீரகத்தில் வந்தது, நமக்கு வருவது வேறு. எனினும் பறவைக்காக விழித்துக்கொண்ட அளவுக்கு மனிதர்களுக்காக நாம் விழித்துக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கல்லீரல் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். மதுவாலும், மஞ்சட்காமாலை வைரஸ்களாலும், நீரிழிவோடு சேர்ந்த கொழுப்பாலும் கல்லீரல் இறுகிப்போனால், அதனூடே செல்ல வழியற்ற இரத்தம் உணவுக்குழாயின் அடியிலுள்ள சிரைகளைப் புடைக்கச் செய்து, ஒருநாள் வெடிக்கச் செய்கிறது. நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இரத்த வாந்தியோடு வருவோரில் குடற்புண்காரர்களுக்கு ஈடாகவோ மேலாகவோ இவர்களே இருக்கிறார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இவர்களில் நூற்றுக்கு 40 பேர் ஆறு வாரத்துக்குள் மாண்டனர். சிரைகளுக்கு ரப்பர் வளையம் மாட்டும் முறை 1980களின் பிற்பகுதியில் பரவி, மருந்துகளும் சேர்ந்தபின் இன்று அது 15, 20 என்ற அளவில் நிற்கிறது. மது விலக்கைப் பற்றி இப்பத்திரிகையில் வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கிறது; நான் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை.

இனி என் அபிப்பிராயம். வலி மாத்திரையை அடியோடு ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை ஒரு நாள் முழுவதும் மிதித்துப் பார்க்கவேண்டும். எங்கள் நிர்வாகக் கமிட்டியில் இதைப் பேசியபோது ஒரு மூத்த அங்கத்தினர் கேட்டார்: "டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போயிற்று; பஸ் சார்ஜு போயிற்று; பீஸும் கொடுக்கவேண்டும். மாத்திரை சில ரூபாய்தான். ஏழை எதைச் செய்வான்?" இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் உதவாது. எட்டு நாள் ஆஸ்பத்திரியிலும் இரண்டு மாதம் வீட்டிலும் தறி நின்ற கணக்கை நான் அவருக்குச் சொன்னேன். அவர் சமாதானம் அடையவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தனி மனிதன் இந்தச் செலவைத் தாங்கமாட்டான் என்பதனால்தான் இது சங்கத்தின் காரியமாகிறது.

கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் மருந்துக் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. லாபமே குறியென்று நடக்கும் கடைக்கும் நம் கடைக்கும் வேற்றுமை இருக்குமானால், அது இங்கேதான் தெரியவேண்டும். சீட்டில்லாமல் இந்த இனத்து மாத்திரையை நம் கடை தரக்கூடாது. பொட்டலம் கட்டும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். விற்பனை குறையும் என்று சொல்வார்கள், குறையட்டும். அதற்கு ஈடாக, மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்துக்கே ஒரு டாக்டரை அழைத்து, மூட்டுவலி உள்ள அங்கத்தினர்களைப் பார்க்கச் செய்யலாம். இந்த மாத்திரை இன்றியமையாதது என்று அவர் கருதுவோருக்கு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, இரைப்பையைக் காக்கும் மாத்திரையோடு சேர்த்து எழுதித் தருவார். அறுபதைக் கடந்தவர்கள், முன்பே புண் இருந்தவர்கள், இருதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாதிருக்கும் மருந்தோ சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் அவரிடம் இதை அவசியம் சொல்லவேண்டும். முன்பு புண் இருந்தவர்களுக்குக் கிருமிப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். இருதயத்துக்கு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அதில் வேறு ஆபத்து உண்டு.

தறியின் ஆசனத்தையும் மிதிபலகையின் உயரத்தையும் ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளச் சங்கம் சிறு கடன் கொடுத்தால், மாத்திரையின் தேவையே ஓரளவு குறையும். இது தச்சருக்கு அரை நாள் வேலை.

தார் நிற மலமோ இரத்த வாந்தியோ கண்டால், இரவானாலும் அன்றைக்கே இரத்த வங்கியும் உள்நோக்கிக் குழாயும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாதி வழியில் பால் கொடுப்பது, எலுமிச்சை கொடுப்பது எதுவும் வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரைகளை அட்டையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே டாக்டர் இரத்தம் ஏற்றுவதில் நிதானம் காட்டினால் உறவினர்கள் சண்டைக்குப் போகவேண்டாம். அளவறிந்து குறைவாக ஏற்றியவர்களில் நூற்றுக்கு 95 பேரும், தாராளமாக ஏற்றியவர்களில் 91 பேரும் பிழைத்தனர் என்று பார்சலோனாவில் நடத்திய ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது.

எங்கள் தெரு நெசவாளர் இப்போது பாதி நேரம் தறியில் அமர்கிறார். மறுபாதி அவர் மகன் நெய்கிறான். முழங்கால் வலி முற்றும் நீங்கவில்லை என்றும், வெந்நீர் ஒத்தடத்தோடும் பாராசிட்டமாலோடும் காலம் போகிறது என்றும் சொன்னார். அவர் முன்பு மாத்திரை வாங்கிய கடையில் இன்றும் அதே பொட்டலம் அதே விலைக்குக் கிடைக்கிறது. நம் சங்கத்தின் கடை இதில் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பது குறித்து, வரும் பொதுச் சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். ஆட்சேபம் உள்ள அங்கத்தினர்கள் கூட்டத்துக்கு முன்பே காரியதரிசிக்கு எழுதினால், அதற்குரிய விடையோடு வருவதற்கு எனக்கு வசதியாக இருக்கும்.